உண்ணிக்கு ஒரு பேன்

பார்சலைப் பிரித்துத் திண்ணையில் வைத்ததும் எங்கள் வீட்டுக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒத்தப் பணியாரம் சுடுறதுக்கா இது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பணியாரச் சட்டியிலிருந்து ஒரே ஒரு குழியை அறுத்தெடுத்து, ஒரு முழ நீளத் தட்டைக் கம்பியின் நுனியில் பொருத்தி, மறுமுனையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு பேட்டரி கிளிப்பு மாட்டினால் எப்படி இருக்கும், அதுதான் இந்தச் சாமான். ஆக்சாலிக் அமிலத் தூளைச் சூடாக்கி ஆவியாகத் தேனீப் பெட்டிக்குள் விடும் கருவி. விற்பவர்கள் 'வேப்பரைசர் பேன்' என்று போட்டிருந்தார்கள். தேனீயில் ஒட்டுகிற உண்ணியைக் கொல்லப் பேன் வாங்கியிருக்கிறேன் என்று தங்கச்சி மகளிடம் போனில் சொன்னேன். "பேனைக் கொல்ல என்ன வாங்குவீங்க பெரியம்மா?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் பேன்தான்.

ஒன்றரை வருஷமாக வைத்திருக்கிறேன். வாங்கலாமா என்று நாலு பேர் கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில், புது ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னை. நான் தையல்காரி. 2018 நவம்பரில் கஜா அடித்து அறுபத்திரண்டு மரம் சாய்ந்தது. மீதி மரங்களாவது நன்றாகக் காய் பிடிக்கட்டும் என்று தேனீ வைக்கச் சொன்னார்கள். மரத்துக்காக வைத்தது, பிறகு அதுவே தனி வேலையாகிவிட்டது. இப்போது பதினான்கு பெட்டி. எல்லாம் இத்தாலியத் தேனீ, பத்துச் சட்டம் (தேனடை கட்டுகிற மரச் சட்டகம்) பிடிக்கிற பெரிய பெட்டிகள். பெட்டிக்கு நம்பர் போடுவது தையல் சாக்பீஸால்தான். மழையில் அழிந்துவிடும், மறுபடியும் போடுவேன்.

உண்ணி என் கண்ணில் பட்டது ஒரு மாசி மாதம். எட்டாம் நம்பர் பெட்டியின் வாசலில் காலையில் நாலைந்து இளம் தேனீக்கள் மண்ணில் ஊர்ந்துகொண்டிருந்தன. பறக்கவில்லை. குனிந்து பார்த்தால் சிறகு சிறகாகவே இல்லை. சரியாக அயர்ன் பண்ணாத ஜார்ஜெட் மாதிரி சுருண்டு முதுகோடு ஒட்டியிருந்தது. உண்ணி பரப்புகிற வைரஸால் இப்படி ஆகும் என்று பயிற்சியில் கேட்டிருந்தேன். பெட்டியைத் திறந்து, ஆண் தேனீப் புழு இருக்கும் அறைகளை (அவை மற்றதைவிடப் புடைத்து, துப்பாக்கித் தோட்டா தலை மாதிரி இருக்கும்) தையல் பிரிக்கிற ஊசியால் குத்தி ஒரு கூட்டுப்புழுவை வெளியே இழுத்தேன். பால் வெள்ளை உடம்பு. அதன் மேல் செம்பழுப்பாக ஒன்று. கடுகைக் குறுக்கே பிளந்து கவிழ்த்த மாதிரி, நீளத்தைவிட அகலம் கூடுதல். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பக்கவாட்டில் நகர்ந்தது, குட்டி நண்டு போல. அடுத்த அறையில் மூன்று. அதற்கடுத்ததில் ஒன்று பெரியது, இரண்டு வெளிறிய குட்டிகள். தென்னைக்காரிக்கு உண்ணி புதிதா என்ன, குரும்பையில் சொறி பிடிக்க வைக்கிற ஈரியோபைட்டை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. இது காலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இந்த வரோவா உண்ணி நம் பக்கத்து ஆசாமிதான். ஆதியில் நம்முடைய அடுக்குத் தேனீயிடம், அதாவது பொந்திலும் சுவரிலும் கூடு கட்டும் நாட்டுத் தேனீயிடம் ஒட்டிப் பிழைத்தது. நாட்டுத் தேனீக்கு அதைக் கையாளத் தெரியும்: உடம்பைத் தட்டித் துடைத்து உதறிவிடும், உண்ணியும் பெரும்பாலும் ஆண் புழு அறையில் மட்டுமே பெருகும். இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. அதன் வேலைக்காரத் தேனீப் புழு அறையிலும் உண்ணி தாராளமாகப் பெருகும். அப்படியானால் நாட்டுத் தேனீயே வளர்க்கலாமே என்பீர்கள். இரண்டு பெட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்று தை மாதம் கூண்டோடு கிளம்பிப் போய்விட்டது, இன்னொன்று அதற்கும் முன்னாலேயே. அவற்றின் குணம் அது, கோபித்துப் பயனில்லை.

நம் பயிற்சிகளில் உண்ணிக்குச் சொல்லிக்கொடுப்பது ஃபார்மிக் அமிலம். சின்னக் குப்பியில் 5 மில்லி ஊற்றி, திரி போட்டுப் பெட்டிக்குள் வைப்பது. அதில் ஒரு பெரிய நன்மை, புழு வளர்கிற, மெழுகு மூடிய அறைக்குள்ளும் அந்த ஆவி நுழைந்துவிடும். ஆனால் வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் அது ஆவியாகிற வேகம் கையை மீறும். பங்குனியில் எங்கள் ஊரில் 30 டிகிரி என்பது காலை ஒன்பது மணிக்கு வருவது. நான் ஒருமுறை துணிந்து வைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் தேனீ முழுக்க வெளியே வந்து பெட்டிச் சுவரில் தாடியாகத் தொங்குகிறது. அந்தப் பெட்டியின் ராணியை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அப்படித்தான் ஆக்சாலிக் பக்கம் வந்தேன்.

அமிலம் கிடைப்பது சுலபம். தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் கேட்டேன். கல்லாவில் இருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மொசைக் பாலிஷுக்கா அக்கா?" என்றான். தேனீக்கு என்றேன். "தேனீயைக் கொல்லவா?" என்றான். விளக்கிச் சொல்லப் பத்து நிமிஷம் ஆனது. பின்னால் நின்ற இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தரை பாலிஷுக்கு மூட்டையில் விற்பது மலிவு, ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறதென்று தெரியாது. பரிசோதனைக்கூடத் தரம், 99.5 சதவீதம் என்று எழுதிய அரைக்கிலோ டப்பா 240 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டிக்கு 2 கிராம் வீதம் பதினான்கு பெட்டிக்கு ஒரு சுற்றுக்கு 28 கிராம். அரைக்கிலோ பதினேழு சுற்று வரும். மருந்துச் செலவு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிற தொகை. அமிலம் என்றதும் பயப்படாதீர்கள், அதற்காகப் பயமே இல்லாமலும் இருக்காதீர்கள். கீரையில் இருப்பதும் இதுதான். கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பது இதன் சுண்ணாம்பு உப்பால்தான். தண்ணீரில் கரைவது, அதனால் சில உண்ணிக்கொல்லிப் பட்டைகள் போல மெழுகில் தங்கிச் சேராது. எனக்குப் பிடித்த குணம் அது.

இனி பேனைப் பற்றி.

இணையத்தில் 2,650 ரூபாய். வந்த அட்டைப்பெட்டியில் ஒரு தாள், அதில் பாதி சீன எழுத்து. '12 வோல்ட், 150 வாட்' என்பது மட்டும் அப்போது கண்ணில் பட்டது. பன்னிரண்டு வோல்ட்தானே என்று வீட்டில் நின்ற ஸ்கூட்டியின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு தோப்புக்குப் போனேன். இதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். 150 வாட் என்றால் பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். முதல் பெட்டியில் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. இரண்டரை நிமிஷத்தில் தூள் உருகி, கொதித்து, வெள்ளைப் புகையாக முழுக்க எழும்பிவிட்டது. ஐந்தாவது பெட்டியில் குழியை வெளியே எடுத்துப் பார்த்தால் தூள் பாதி உருகிப் பாயசம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 101 டிகிரியிலேயே அது உருகிவிடும். ஆவியாக 157 வரை போக வேண்டும். அதற்கு பேட்டரியில் தெம்பில்லை. மறுநாள் காலை ஸ்கூட்டி செல்ஃபில் எடுக்கவில்லை, உதைத்தே ஸ்டார்ட் பண்ணினேன், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் பேப்பர் படித்தார். இப்போது டிராக்டர் பேட்டரியைக் கழற்றி டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டி எடுத்துப் போகிறோம். பதினான்கு பெட்டியும் ஒரே மூச்சில் முடிகிறது. கார் பேட்டரியும் ஆகும். பைக் பேட்டரி வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது குறை, உயரம். குழியும் அதன் அடியில் உள்ள ஹீட்டரும் சேர்ந்து ஒன்றரை விரல் கனம். எங்கள் ஊர் ஆசாரி செய்த பெட்டிகளின் வாசல் ஒரு விரல் கூட இல்லை. பல்லி நுழையாமல் இருக்க அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான். கடைசியில் அவரையே கூப்பிட்டு, ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கமும் தரைப்பலகைக்கு மேல் ஒரு நீளத் துளை வெட்டி, அதற்கு ஒரு மரக்கட்டை அடைப்பும் செய்துகொண்டோம். "பின்வாசல் வச்ச வீடு விருத்திக்கு நல்லதும்மா" என்று சொல்லி 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். சாமான் விலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு விதத்தில் நல்லதாயிற்று: வாசலில் காவல் நிற்கிற தேனீக்களின் கோபத்துக்கு ஆளாகாமல் பின்னாலிருந்து வேலை பார்க்கலாம்.

கிளிப்பு இரண்டில் கறுப்பின் ஸ்பிரிங் மூன்றாவது மாதமே போனது. விற்றவர்களுக்கு எழுதினேன், ஐந்து நாள் கழித்து 'மன்னிக்கவும்' என்று ஒரு பூப்படம் வந்தது. பட்டுக்கோட்டையில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் நாற்பது ரூபாய்க்கு நல்ல பித்தளைக் கிளிப்பாக மாற்றிவிட்டேன். ஹீட்டர் இன்றுவரை மக்கர் செய்யவில்லை. குழியின் உள்ளே கொஞ்சம் அரிப்பு தெரிகிறது, அவ்வளவுதான். சூட்டோடு தண்ணீரில் முக்கிக் குளிர வைத்தால் அடுத்த பெட்டிக்குச் சீக்கிரம் போகலாம். ஆனால் ஈரம் சொட்டச் சொட்டத் தூளைப் போடாதீர்கள்.

அளவு விஷயத்தில் குழப்பம் உண்டு. அமெரிக்காவில் 2015-இல் இதை அனுமதித்தபோது புழு வளர்கிற அடுக்கு ஒன்றுக்கு 1 கிராம் என்றுதான் லேபிளில் இருந்தது. அது போதவில்லை என்று வளர்ப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், பிறகு 4 கிராம் வரை போடலாம் என்று வந்தது. நான் நடுவில் 2 கிராமில் நிற்கிறேன். நகை நிறுக்கிற மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, 350 ரூபாய். வீட்டிலேயே பதினான்கு பொட்டலமாகக் கட்டிக்கொள்வேன், விபூதிப் பொட்டலம் மாதிரி. தோப்பில் நின்று நிறுக்க முடியாது, காற்று ஒருபக்கம், தேனீ ஒருபக்கம்.

முகமூடி பற்றி. முதல் நாள் நான் கட்டியது கொரோனா காலத்துத் துணி மாஸ்க். மூன்றாவது பெட்டியில் காற்று திரும்பிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஊசி நூறு தொண்டைக்குள் இறங்கிய மாதிரி இருந்தது. இருமி இருமி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஓடி வந்து, "தேனும் வேணாம் ஒண்ணும் வேணாம், எந்திரி" என்றார். இரண்டு நாள் குரல் இல்லை. கடைக்கு வந்த பெண்களுக்கு அளவை விரலால் காட்டினேன். அமில வாயுவுக்கென்றே இரண்டு பக்கமும் குப்பி வைத்த ரெஸ்பிரேட்டர் இருக்கிறது, 1,400 ரூபாய். கண்ணை மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை. இதெல்லாம் இல்லாமல் பேனை மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் வாதாடத் தயாரில்லை.

செய்யும் விதம் ரொம்பச் சுருக்கம். சாயங்காலம் தேனீ எல்லாம் கூடு திரும்பிய பின், வாசலை ஈரச் சாக்கால் அடைக்க வேண்டும். பெட்டியின் இடுக்குகளில் நான் வெட்டுத்துணி திணிக்கிறேன். தையல் கடையில் அதற்கா பஞ்சம். பின்துளை வழியாகப் பேனை நுழைத்து, கிளிப்பு மாட்டி, இரண்டரை நிமிஷம். பிறகு கிளிப்பைக் கழற்றி, பத்து நிமிஷம் மூடியே வைத்துத் திறக்க வேண்டும். தேனீக்கள் 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் போடும், பிறகு அடங்கிவிடும். தேன் எடுக்கிற மேல் அடுக்கு இருக்கும்போது நான் செய்வதில்லை. அடியில் ஒரு வெள்ளைத் தகட்டில் தேங்காயெண்ணெய் தடவி வைத்துவிட்டால் விழுகிற உண்ணி ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலை அதை இழுத்துப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு, மறைக்க மாட்டேன்.

முதல் சுற்று சித்திரையில். எட்டாம் நம்பர் தகட்டில் மறுநாள் எண்ணினேன்: 137. தையல் ஊசியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணியது. தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஒழிந்தது சனியன் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துச் சர்க்கரைக் குலுக்கல் செய்து பார்த்தேன். அரை டம்ளர் தேனீ, கிட்டத்தட்ட முந்நூறு இருக்கும். பொடித்த சர்க்கரை போட்டு வலைமூடி ஜாடியில் உருட்டிக் குலுக்கினால் உண்ணி பிடி நழுவி உதிரும், தேனீ பிழைத்துக்கொள்ளும். நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போனால் மருந்து தேவை என்பது பொதுக் கணக்கு. முந்நூறு தேனீயில் பதினாறு உதிர்ந்தது. அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் மேல். மருந்து போடுவதற்கு முன் இருந்தது பதினெட்டு.

கோபம் பேன் மேல்தான் முதலில் வந்தது. ஏமாற்றுச் சாமான் என்று ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டி எழுதக்கூட உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் பேனோடு வந்த தாளை மறுபடி படித்தேன், அதில் ஒரு வரி: 'குளிர்காலத்தில் ஒருமுறை.'

ஆக்சாலிக் ஆவி மெழுகு மூடிய அறைக்குள் போகாது. தேனீயின் உடம்பில் ஏறி நிற்கிற உண்ணியை மட்டும்தான் கொல்லும். வேலைக்காரத் தேனீ மூடிய அறைக்குள் சுமார் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அறை மூடப்படுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே புகுந்து, மூடிய கதவுக்குள் நிம்மதியாக முட்டையிட்டுப் பெருகுகிறது. நான் 137 என்று ஊரைக் கூட்டிக் காட்டிய நேரத்தில் அதைவிடப் பெரிய கூட்டம் உள்ளே தாழ்ப்பாள் போட்டு இருந்திருக்கிறது. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். மூடிய அறையே இராது. உண்ணிக்கு ஒளிய இடமில்லை. அப்போது ஒருமுறை போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காலி. அவர்கள் எழுதியது அவர்கள் ஊருக்குச் சரிதான்.

நம் ஊரில் எங்கே குளிர்காலம்? அதிலும் தென்னந்தோப்பில்? தென்னை மாதாமாதம் பாளை விடும். பன்னிரண்டு மாதமும் மகரந்தம். வெள்ளம் வந்தாலும் வெயில் கொளுத்தினாலும் எங்கள் ராணி ஒருநாள் ஓய்வெடுத்து நான் பார்த்ததில்லை. எந்தத் தென்னையை நம்பித் தேனீ வைத்தேனோ, அதே தென்னைதான் உண்ணிக்கும் சோறு போடுகிறது.

சரி, வைகாசியில் வேறு மாதிரி செய்தேன். ஐந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. முதல் நாள், ஆறாம் நாள், பதினோராம் நாள், பதினாறாம் நாள். அறை திறந்து வெளியே வர வர உண்ணிக்கு அடி விழும். பலன் இருந்தது: எட்டாம் நம்பரில் பதினாறு ஐந்தாக இறங்கியது. ஆனால் நான்கு சாயங்காலம், நான்கு தடவை டிராக்டர் பேட்டரி, நான்கு தடவை முகமூடிக்குள் வியர்வை. நடவு நேரத்தில் டிராக்டர் பேட்டரியைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

நடுவில் பேன் இல்லாத வழிகளையும் பார்த்தேன். ஒன்று, சொட்டு முறை. 600 கிராம் சர்க்கரையும் 600 மில்லி தண்ணீரும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாகு வரும். அதில் 35 கிராம் அமிலம். சட்டங்களுக்கு நடுவே தேனீ நிற்கிற ஒவ்வொரு இடைவெளியிலும் சிரிஞ்சால் 5 மில்லி, பெட்டிக்கு மொத்தம் 50-ஐத் தாண்டக் கூடாது. பேட்டரி வேண்டாம், ஆவி வேண்டாம். ஆனால் தேனீ அதை நக்கி விழுங்குவதால் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது, வயிறு கெடும். கரைசலை அன்றே தீர்க்க வேண்டும். மீந்ததை நான் சமையலறை மேல்தட்டில் வைத்து, பத்து நாளில் அது டீத்தண்ணி நிறமானது. அந்த நிறம் வந்தால் தேனீக்கு விஷம், ஊற்றிவிட்டேன். இன்னொன்று, கிளிசரின் பட்டை. அமிலமும் கிளிசரினும் சம எடை, இளஞ்சூட்டில் கரைத்து, அட்டையில் ஊறவைத்துச் சட்டங்களுக்கு நடுவே தொங்கவிடுவது. பல வாரம் மெல்ல வேலை செய்யும். ரவிக்கை அளவெடுக்கிற அட்டையை நறுக்கிப் போட்டேன். 70 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. ரொம்பச் சூடானால் அந்தக் கலவையே ஃபார்மிக் அமிலத்தைக் கொடுக்க ஆரம்பித்துவிடும், யாரை விட்டு ஓடி வந்தோமோ அவரே அடுப்படியில் நிற்பார். பட்டை மூன்று பெட்டியில் நன்றாக வேலை செய்தது. ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சி மற்ற இரண்டில் சொதசொதவென்று ஆகித் தேனீக்கள் கடித்துக் குப்பையாக வெளியே தள்ளிவிட்டன.

எனக்குச் சரிப்பட்டது வேறு. குளிர்காலம் நம்மிடம் வராது என்றால் நாமே ஒன்றை உண்டாக்குவது. ஐப்பசிக் கடைசியில், அடைமழையில் பூ குறைந்து, ராணி முட்டையைக் கொஞ்சம் சுருக்குகிற சமயம், ஆறு பெட்டியில் மட்டும் ராணியைப் பிடித்துக் கூண்டில் போட்டேன். தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவு. கம்பி இடைவெளியில் வேலைக்காரத் தேனீ போய் வரும், ராணியால் வர முடியாது. அதைப் புழுச் சட்டங்களின் நடுவில் வைத்துவிட்டால் அவை ஊட்டிக்கொண்டே இருக்கும். இருபத்துநான்கு நாள். வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 21, ஆண் தேனீக்கு 24. அதற்குள் மூடிய அறை என்று ஒன்றுகூட இராது. தினமும் சர்க்கரைப் பாகு வைத்தேன். ஊரே சம்பா வயலில் தண்ணி வடிக்க ஓடிக்கொண்டிருக்க, நான் ஆறு ராணிகளைச் சிறையில் வைத்து நாள்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் நான்காம் நம்பர் ராணி கூண்டுக்குள் செத்துக் கிடந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. நல்ல ராணி, இரண்டாம் வருஷம். அந்தப் பெட்டியை ஐந்தாம் நம்பரோடு சேர்க்க வேண்டியதாயிற்று.

மற்ற ஐந்துக்கும் இருபத்துநான்காம் நாள் சாயங்காலம், மழை விட்ட ஒரு இடைவெளியில், ஒரே ஒரு தடவை பேன். மறுநாளே ராணிகளை விடுவித்தேன். எட்டாம் நம்பர் தகட்டில் இரண்டு நாளில் 284. எண்ணெயில் செம்பழுப்பாக, கேழ்வரகு சிந்தின மாதிரி. இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. தை மாதம் குலுக்கிப் பார்க்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். தையில் முந்நூறு தேனீக்கு ஒன்று. ராணியை அடைக்காத பெட்டிகளில் ஆறும் ஏழும். கார்த்திகை மார்கழியில் புழு இல்லாததால் இழப்பு வருமோ என்று பயந்தேன். அந்த நாளில் பறித்து வரப் பூவும் பெரிதாக இல்லை, ஆகவே ஒன்றும் கெடவில்லை. மாசியில் எள் பூத்தபோது இந்த ஐந்து பெட்டியும்தான் முதலில் மேல் அடுக்குக் கேட்டன.

இதில் கூட ஒரு லாபம். நம் பக்கம் மலைத்தேனீயிடமிருந்து வரும் இன்னொரு உண்ணி உண்டு, நீளமாக, வேகமாக ஓடும். அந்த உண்ணியால் வளர்ந்த தேனீயைத் தின்று பிழைக்க முடியாது, புழுதான் சாப்பாடு. புழுவே இல்லாவிட்டால் சில நாளில் அது தானாகவே ஒழியும். அதற்காகச் சட்டத்தின் மேல் கந்தகப் பொடி தூவுகிற வேலை இந்த வருஷம் எனக்கு வரவில்லை.

ஆகவே பேனுக்கு என் மதிப்பு ஐந்துக்கு மூன்றரை. சாமான் சொன்ன வேலையைச் செய்கிறது. அரை நட்சத்திரம் கிளிப்புக்கும் அந்தப் பூப்படத்துக்கும் கழிவு, அரை வாசல் உயரத்துக்கு, மீதி அரை அந்தத் தாளுக்கு. வெப்பநாட்டில் விற்கிறவர்கள் 'குளிர்காலத்தில்' என்று அச்சடித்துக் கொடுத்தால் வாங்குகிறவள் என்ன செய்வாள்? ஐந்தாறு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. ராணியை அடைத்துவிட்டுக் கடைசி நாளில் சிரிஞ்சால் சொட்டுவிட்டாலே போதும், முப்பது ரூபாயில் முடியும். பத்துக்கு மேல் இருந்தால், டிராக்டரோ காரோ வீட்டில் இருந்தால், வாங்கலாம். நூறு பெட்டிக்காரர்களுக்கு இது ஆமை. அவர்களுக்கு ஊதுகிற பெரிய வகை வேறு இருக்கிறது.

இந்த வருஷம் எல்லாப் பெட்டியிலும் ராணியை அடைக்கப் போகிறேன். கூண்டு பதினைந்து வாங்கி வைத்தாயிற்று. ஐப்பசி இருபதுக்கு ராணி பிடிக்க ஆரம்பிப்பேன். பக்கத்து ஊரில் ஏழு பெட்டி வைத்திருக்கிற அண்ணன் பேனை இரவல் கேட்டிருக்கிறார். தருவேன். பேட்டரியும் முகமூடியும் அவர் கொண்டுவர வேண்டும்.